நாலரை

கெமியில் ஜனவரி. வெளியே மைனஸ் இருபத்தேழு.
குடியிருப்பின் அடித்தளத்தில்
யாரும் போடாத குண்டுக்காகக் கட்டிய பதுங்கறை.
அதன் இரும்புக் கதவை
இல்போ தோளால் தள்ளித் திறக்கிறான்.
மணிக்கு நான்கு யூரோ.
ஈரக் கான்கிரீட் வாசனை இலவசம்.

பெட்டியைத் திறந்ததும் கிட்டாரைத் தொடக்கூடாது.
குளிரிலிருந்து வந்த மரம் வியர்க்கும்.
கம்பிகள் அரைமணி நேரம் பொய் சொல்லும்.
அதுவரை பெடல்களை வரிசையில் வைக்கிறேன்:
பச்சை, ஆரஞ்சு,
குமிழ் ஒன்று தொலைந்துபோன கறுப்பு,
ஏழு தண்டுள்ள ஈக்குவலைசர்.

வீட்டில், ஹெட்போனில், எனக்கு ஒரு டோன் இருந்தது.
கெய்ன் பத்து. பேஸ் ஒன்பது. ட்ரெபிள் ஒன்பது.
மிட் பூஜ்யம்.
ஈக்குவலைசரின் தண்டுகள்
நடுவில் இறங்கி, ஓரங்களில் ஏறி,
ஒரு சிரிப்பாக நின்றன.
ஒரு கம்பியைத் தொட்டால் போதும்,
பனி அள்ளும் வண்டி
சமையலறைக்குள் புகுந்த மாதிரி.
அத்தனை கெய்னில்
தப்பும் சரியும் ஒரே போர்வைக்குள் தூங்கும்.
மூன்று மாதம்
அந்தச் சிரிப்போடு குடித்தனம் நடத்தினேன்.

இங்கே
ஹில்க்கா இரட்டைக் கிக்கை மிதித்ததும்
காணாமல் போனேன்.
கை அசைகிறது. ஆம்ப் கனல்கிறது.
ஸ்பீக்கர் காகிதம் துடிக்கிறது.
நான் இல்லை.
என் அடிவயிற்றை இல்போவின் பேஸ் தின்றது,
உச்சந்தலையைச் சிம்பல் தின்றது,
மிச்சம் இருக்கவேண்டிய இடத்தில்
நானே தோண்டிவைத்த பள்ளம்.

"ஸைமி, நீ இன்னும் ஆரம்பிக்கலையா?"
கேலி இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

சத்தத்தைக் கூட்டினேன்.
இல்போவும் கூட்டினான்.
குளவிக்கூட்டைக் கல்லால் அடித்ததுபோல் ஆயிற்று அறை.
மேலே முதல் மாடியில் பெந்த்தி,
இரவுப் பேருந்து ஓட்டுகிறவர்,
வெந்நீர்க் குழாயை மூன்று முறை தட்டினார்.

கெய்னைக் குறைப்பது
சம்பள வெட்டுக்குக் கையெழுத்துப் போடுவது மாதிரி.
காகித ஆலையில் ஒருமுறை போட்டிருக்கிறேன், தெரியும்.
எட்டு.
ஆறு.
நாலரை.
பச்சைப் பெடலை ஆம்ப்புக்கு முன்னால் போட்டேன்,
ட்ரைவ் பூஜ்யம், லெவல் முழுசு.
அது உறுமுவதற்கில்லை,
அடியொலியின் தொப்பையை இழுத்துக் கட்டும் பெல்ட்.
மிட் ஏழுக்கு ஏறியது.
கடைசியாக அந்தச் சிரிப்பை
தண்டு தண்டாகக் கவிழ்த்தேன்.
ஈக்குவலைசர் உம்மென்று ஆனது.

தனியாக வாசித்துப் பார்த்தேன்.
ஜலதோஷக்காரர் ரயில் அறிவிப்பு வாசிப்பதுபோல.
"அசிங்கம்."
"இரு," என்றாள் ஹில்க்கா,
குச்சியைக் குச்சியில் தட்டி நாலு எண்ணினாள்.

ஜுக்.
ஜுக்-ஜுக்.
உள்ளங்கை ஓரம் அமுக்கிய அடிக்கம்பி
கிக்கின் ஒவ்வொரு மிதிக்கும்
சக்கரப் பல்போல் விழுந்தது.
மூக்கால் பேசிய அதே குரல்
பேஸின் தோளில் ஏறி,
சிம்பலின் கக்கத்துக்குக் கீழே நின்று,
சுவராகியது.
இல்போ தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான்.
கெமியில் அதுதான் கைதட்டல்.

பாட்டு நிற்கும் இடங்களில் மட்டும்
ஞ்ஞ்ஞ் என்று ஒன்று மிஞ்சியது.
கேபிளை மாற்றினோம். பிளக்கை மாற்றினோம்.
ஹில்க்கா எழுந்துபோய் டியூப் லைட்டை அணைத்தாள்.
நின்றது.
மிச்சத்தை நாய்ஸ் கேட் அடைத்தது.
இருட்டில் நான்கு சிவப்புப் புள்ளி,
ஆம்ப்பின் முதுகில் ஆரஞ்சுக் கனல்,
இரண்டு ஜுக்குக்கு நடுவே
கத்தியால் நறுக்கிய நிசப்தம்.
அதையும் சேர்த்துத்தான்
இத்தனை நாள் தேடியிருக்கிறேன் போல.

பத்து மணிக்குப் படியில் பெந்த்தி,
சீருடையோடு, கையில் ஃபிளாஸ்க்.
மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.
"அந்த மெதுவான இடம்," என்றார்,
கைப்பிடிக் கம்பியில் விரலால் தட்டிக் காட்டினார்.
"மூணாவது தடவை மட்டும் ஏன் மாறுது?"

அது என் பிழை.
மூன்று மாதமாக அங்கேதான் இருந்திருக்கிறது.

"வேண்டும்னே," என்றேன்.
தலையாட்டினார்.
பேருந்துக்கு நேரமாகியிருந்தது.